சந்தேகத்தின் பலன் யாருக்கு?

ஒரு பொருள் பழுது என்று நிரூபணமாக வேண்டியதில்லை. பழுதாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தாலே அதைப் பழுதான பொருளாகத்தான் நடத்த வேண்டும். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் எனக்குச் சோறு போடும் விதி இது. கார்களுக்கு உதிரி பாகம் செய்து தரும் வெண்டார் கம்பெனி ஒன்றில் க்வாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வாகனத் தொழிலுக்கென்று 2016-இல் வெளியான ஐஏடிஎஃப் 16949 என்ற தர நெறியில், 8.7.1.3 என்ற சின்னப் பிரிவு இதைச் சொல்கிறது. சந்தேகத்துக்குரிய சரக்கு எதுவானாலும் அது தரமற்ற சரக்குக் கணக்கில்தான் சேரும்.

நடைமுறையில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நாங்கள் அனுப்பிய பாகங்களில் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று கார் கம்பெனி லைனிலிருந்து போன் வரும். அந்த நிமிடமே முழு லாட்டும் ஹோல்ட். கிடங்கில் இருப்பது, பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரியில் போய்க்கொண்டிருப்பது, கார் கம்பெனி ரேக்கில் அடுக்கியிருப்பது எல்லாவற்றுக்கும் சிவப்பு டேக் விழும். எங்கள் ஆட்கள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்தச் சார்ட்டிங் கூலி எங்களுடையது. லைன் நின்றால் அதற்கான டெபிட் நோட்டும் எங்கள் தலையில்தான். பிறகு ‘எய்ட் டி’ எழுத வேண்டும். ஃபோர்டு கம்பெனி 1987-இல் கையேடாகப் போட்ட எட்டுப் படி முறை அது. ‘உங்கள் ஆள் சரியாக மாட்டினாரா?’ என்று நாங்களும் கேட்கலாம். ஆனால் நல்ல சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, லைனை ஓடவைத்த பிறகுதான் கேட்க முடியும்.

வாங்குகிறவர் பெரிய கம்பெனியாக இருக்கும்போது சந்தேகத்தின் பலன் வாங்குகிறவருக்கு. வாங்குகிறவர் நம் வீட்டு அம்மாவாக இருந்தால்?

போன தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி, மிச்சத்தை இ.எம்.ஐ.யில் போட்டு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினோம். இந்த வட்டாரத்திலேயே ஃபிரிட்ஜ் தயாராகிறது; எங்களுக்கு வந்தது வேறு மாநிலத்தில் செய்தது. கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. முதல் வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழே வைத்த மாவு புளித்துப் பொங்குகிறது. கடைக்குப் போனால், “வித்ததோட எங்க வேலை முடிஞ்சுது சார், கம்பெனி நம்பருக்குப் போடுங்க” என்றார்கள். கம்பெனி நம்பரில், காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவில் ஆள் வருவார் என்றார்கள். அவருக்காகக் காத்திருந்த நாளின் சம்பளம் போனது.

வந்த பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கால் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. உள்ளே கையை விட்டுப் பார்த்தான். “அம்மா, கூலிங் நார்மல்தான். கதவை அடிக்கடி திறக்காதீங்க. செவுத்தை ஒட்டி வெச்சிருக்கீங்க, இந்த ஏரியாவுல வோல்டேஜ் வேற சரியில்ல. ஒரு நாள் ஆஃப் பண்ணி வெச்சுட்டுப் போடுங்க” என்றான். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஏன் தம்பி, பழைய ஃபிரிட்ஜும் இதே செவுத்துலதானே இருந்துச்சு?” அதற்குப் பதில் வரவில்லை. “உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றான். எண்ணைச் சொன்னதும் புகார் முடிந்துபோனது. ‘கோளாறு இல்லை’ என்று கம்பெனிக் கணக்கில் பதிவாகிவிட்டது.

ஆஃப் செய்து வைத்தால் சரியாகும், சில நாளில் பழையபடி ஆகும். இதன் காரணம் தொழில் தெரிந்தவருக்குப் புதிதல்ல. இந்த வகை ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் பின்னால் உள்ள காயிலிலிருந்துதான் கீழ்த்தட்டுக்கும் குளிர்காற்று வருகிறது. காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்க வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் பனி சேர்ந்து காற்று வழி அடைபடும். அணைத்து வைத்தால் பனி உருகி வழி திறக்கும். மறுபடி அடைபட நாளாகும். இடையில் யார் வந்து கையை விட்டுப் பார்த்தாலும் ‘நார்மல்’தான். அம்மா ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் காலையும் மாலையும் எழுதிவந்தார். 5 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தட்டு 14, 15 என்று ஏறியது. அந்தத் தாளோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு, மூத்த டெக்னீஷியன் ஒருவர் வந்து பின்தகட்டைக் கழற்றினார். ஹீட்டருக்குப் போகும் கனெக்டர் முழுதாக உட்காரவே இல்லை. அது தொழிற்சாலையிலேயே நடந்த பிழை. அதைக் கண்டுபிடிக்கும் செலவு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். புதுப் பொருளில் கோளாறு என்று ஒருவர் சொன்னால், நிரூபிக்கும் சுமை விற்றவர் பக்கம் இருக்க வேண்டும். அறிவு அவரிடம்தான் இருக்கிறது. சீரியல் நம்பரை வைத்து எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த லாட் பாகம் என்று கம்பெனியால் பார்க்க முடியும். அதே மாடலில் அதே புகார் எத்தனை வீட்டிலிருந்து வந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வாங்கியவர் கையில் இருப்பது பில்லும் புளித்த மாவும்.

நம் சட்டம் மோசமானதல்ல. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக, 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊருக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கோளாறை நீக்கச் சொல்லவும், வேறு பொருள் தரச் சொல்லவும், பணத்தைத் திருப்பச் சொல்லவும், நஷ்டஈடு விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தின் கண்ணில் ‘வணிகர்’ என்றால் உற்பத்தியாளரும் சேர்த்தி. ஆகவே கடைக்காரர், கம்பெனி இருவரையுமே நிறுத்தலாம். பில்லில் கெடு எதுவும் போடாமல் விற்ற பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் அட்டைக்கு இதற்கு முன்னால் மதிப்பில்லை.

சறுக்குவது நிரூபணத்தில்தான். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருடையது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொருளைச் சோதித்தால்தான் பழுது தெரியும் என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; 45 நாளில் அறிக்கை வர வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரரையே முன்கூட்டிக் கட்டச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. எங்கள் தொழிலில் சார்ட்டிங் கூலியை வாங்கியவரிடம் கேட்டால் மறுநாள் ஆர்டர் இருக்காது. தவிர, எண்ணெய் பாக்கெட் என்றால் மாதிரி எடுத்து அனுப்பலாம். வீட்டில் இருக்கும் ஒரே ஃபிரிட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குப் பால் எங்கே வைப்பது? சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. இ.எம்.ஐ. அதுவரை நிற்பதில்லை.

நீதிமன்றங்களுக்கு இந்தச் சமமின்மை தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் தயாராகும் காரை வைத்தே ஒரு தீர்ப்பு உண்டு. டெல்லிக்காரர் ஒருவர் 2015-இல் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் விபத்து; ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகம் அதற்குப் போதாது என்பது கம்பெனியின் வாதம். 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்றது. வண்டியை மாற்றித் தரச் சொன்ன டெல்லி மாநில ஆணையத்தின் உத்தரவை உறுதி செய்தது. காருக்குச் சொன்ன நியாயம் ஃபிரிட்ஜுக்கும் பொருந்தும். டீஃப்ராஸ்ட் ஹீட்டரின் நுட்பம் அம்மாவுக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? ஆனால் அந்த நியாயம் கிடைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் ‘லெமன் சட்டம்’ என்று ஒன்று நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்தது என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. இல்லை என்றால் விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே 6 மாதம். கூடவே, முதல் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கும் உரிமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் அந்த அனுமானம் ஓராண்டுக்குச் செல்லும். சிராங்கூன் ரோட்டில் ஃபிரிட்ஜ் வாங்கும் தமிழருக்கு இருக்கும் இந்த உரிமை, ஸ்ரீபெரும்புதூரில் வாங்கும் தமிழருக்கு இல்லை.

கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சொல்லும் மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் மின்சாரம் ஏறி இறங்குகிறது. எலி வயரைக் கடிக்கிறது. ஒரே ப்ளக்கில் ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் கம்பெனி பொறுப்பாக முடியாது. ஆனால் அனுமானம் என்பது தீர்ப்பு அல்ல. எலி கடித்த வயரைப் படம் பிடித்துக் காட்டலாம், வோல்டேஜில் கருகிய போர்டைக் கழற்றிக் காட்டலாம். காட்டிவிட்டால் பொறுப்பு விலகிவிடும். ‘வோல்டேஜ் பிரச்சினை’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது மட்டும்தான் முடியாமல் போகும். சிறு கடைக்காரருக்கும் இதில் பயம் வேண்டாம். நிரூபிக்கும் சுமையையும் சோதனைச் செலவையும் உற்பத்தியாளர் மேல் வைத்தால் போதும்.

சட்டம் மாறும்வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பில்லையும் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் இடத்தையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். கோளாறு வரும்போதெல்லாம் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். போனில் சொன்ன புகாரை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சர்வீஸ் தாளில் என்ன எழுதினார்கள் என்று படித்து, நகல் வாங்குங்கள். கோளாறு தீராமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915-இல் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். கெடு 2 ஆண்டு.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று நாடாளுமன்றத்திடம்: முதல் 6 மாதத்தில் தெரியும் கோளாறு விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், சோதனைச் செலவை முதலில் உற்பத்தியாளர் ஏற்பார் என்று 2019 சட்டத்தில் சேர்க்க வேண்டும். மற்றது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம்: ஏமாற்று விளம்பரத்துக்கு 2022-இலும், இணையத் தளங்களின் தந்திரங்களுக்கு 2023-இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது இந்த ஆணையம். ‘கோளாறு இல்லை’ என்று எழுதும் டெக்னீஷியன் எதை, எந்தக் கருவியால் அளந்தார், என்ன எண் வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாத புகாரை ஓடிபி வாங்கி மூடக் கூடாது. இந்த இரண்டுக்கும் அதேபோல ஒரு நெறியை அது வெளியிட வேண்டும்.

இதில் எதுவும் கம்பெனிகளுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதல்ல. தங்களுக்குச் சரக்கு தரும் வெண்டார்களிடம் தினமும் அவர்கள் கறாராகக் கேட்டு வாங்குவதைத்தான் தங்களிடம் பொருள் வாங்கும் மக்களுக்கும் கொடுக்கச் சொல்கிறோம்.