பெயர் அதே, சரக்கு வேறு

பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல் விலை என்றே எழுதிவரும் நான், இந்த முறை கம்ப்யூட்டருக்குள் மாட்டும் கிராபிக்ஸ் கார்டு பற்றி எழுதுகிறேன். மளிகைக் கடைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பொறுமையாகப் படித்தால் சம்பந்தம் விளங்கும்.

பொறியியல் படிக்கும் என் பேரனுக்குப் படிப்புக்காக ஒரு கார்டு தேவைப்பட்டது. பெரும்பாக்கத்திலிருந்து அவனுடன் ரிச்சி தெருவுக்குப் போனேன். நமக்குக் கொத்தவால் சாவடி எப்படியோ, எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்குவோருக்கு அந்தத் தெரு அப்படி. நாலு கடை ஏறி இறங்கினோம். நாலிலும் ஒரே பேச்சு: "சார், இந்த விலை இன்று சாயங்காலம் வரைதான். நாளைக்கு வந்தால் நாளைய விலை." விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளியவனுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

புதிதாக இருந்தது வேறொன்று. பேரனும் கடைப் பையனும் "அறுபதா, எழுபதா? எட்டு ஜிபியா, பதினாறு ஜிபியா?" என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். மேஜை மேல் ஒரே பெயர் போட்ட இரண்டு பெட்டிகள். விலை வேறு, உள்ளிருப்பதும் வேறு. "பெயர் ஒன்றாக இருக்கிறதே தம்பி?" என்றேன். "அப்படித்தான் தாத்தா போடுவாங்க, நாமதான் பார்த்து வாங்கணும்" என்றான் பேரன். அந்தப் பதில் என் மனதில் தைத்துவிட்டது.

எண் எதைச் சொல்கிறது?

கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டர் திரையில் படம் வரைவதற்கென்றே உள்ள தனி அட்டை. அதில் தனி சிப்பும் தனி மெமரியும் உண்டு. விளையாட்டு, அனிமேஷன், கட்டட வரைபடம், இப்போது செயற்கை நுண்ணறிவு ஆகிய வேலைகளுக்கு அது வேண்டும். நம் கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை. யாராவது பில்லிங் மெஷினோடு சேர்த்து விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று கம்பெனிகளின் சிப்புகள்தான் இதில் முக்கியம். அவற்றில் பெரியது என்விடியா. அதன் கார்டுகளுக்கு 3060, 4070, 5080 என்று நாலு இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 30 வரிசை 2020-லும், 40 வரிசை 2022-லும், 50 வரிசை 2025-லும் வந்தன. கடைசி இரண்டு இலக்கம் தரம். 50, 60 என்றால் கீழ்த்தட்டு, 70 நடுத்தரம், 80 உயர்தரம், 90 உச்சம்.

நம் முந்திரியிலும் 180, 240, 320 என்று எண் உண்டல்லவா? 240 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 220 முதல் 240 முழுப் பருப்பு நிற்கும். 320 என்றால் 300 முதல் 320 வரை நிற்கும். எண் கூடக்கூடப் பருப்பு சிறிசு, விலையும் குறைவு. பண்ருட்டியில் கேட்டாலும் கொல்லத்தில் கேட்டாலும் அதே கணக்குதான். சந்தேகம் வந்தால் நிறுத்து எண்ணிப் பார்த்துவிடலாம். ஏலக்காய் 8 மில்லிமீட்டர் என்றால் சல்லடை சொல்லிவிடும். கார்டின் எண்ணுக்குப் பின்னால் அப்படி ஓர் அளவும் கிடையாது. எதை 60 என்பது, எதை 70 என்பது எல்லாம் கம்பெனியின் இஷ்டம்.

நடந்த கதைகள்

கார்டுக்குள் இருப்பதை நம் பாஷையில் சொல்கிறேன். கோர் என்பது வேலை செய்யும் ஆட்கள். மெமரி என்பது கிடங்கு. கிடங்குக்கும் ஆட்களுக்கும் இடையே உள்ள வாசலின் அகலமும் முக்கியம். ஆள் குறைந்தாலும், கிடங்கு சிறுத்தாலும், வாசல் குறுகினாலும் வேலை மந்தமாகும்.

2016-ல் 1060 என்ற கார்டு 6 ஜிபி மெமரியோடு வந்தது. அதில் 1,280 கோர்கள். அடுத்த மாதமே அதே 1060 என்ற பெயரில் 3 ஜிபி கார்டு ஒன்று வந்தது. மெமரி மட்டும் பாதி என்றுதான் வாங்குபவர் நினைப்பார். உண்மையில் கோர்களும் 1,152 ஆகக் குறைந்திருந்தன. 2018-ல் இதைவிட மோசம். 1030 என்ற சின்னக் கார்டில் வேகமான மெமரிக்குப் பதில் சாதாரண மெமரி போட்டு, பெயரை மாற்றாமல் ஒரு வகை வந்தது. மெமரியின் ஓட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

உச்சக்கட்டம் 2022 செப்டம்பரில் நடந்தது. 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. 16 ஜிபி 1,199 டாலர், 12 ஜிபி 899 டாலர். பெரியதில் 9,728 கோர்கள், சிறியதில் 7,680. இரண்டுக்குள்ளும் இருந்த சிப்பே வேறு வேறு. வாங்குவோரும், கார்டுகளைச் சோதித்து எழுதுவோரும் உலகம் முழுவதும் சண்டை பிடித்தார்கள். விளைவு, அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டை விற்பனைக்கு வருமுன்பே கம்பெனி திரும்பப் பெற்றது. பெயர் குழப்பம் தருகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்ற கீழ்த்தரப் பெயரில், 100 டாலர் குறைவாக, 799 டாலருக்கு வந்தது. வாங்குபவர் ஒன்றுசேர்ந்து கேட்டால் எவ்வளவு பெரிய கம்பெனியும் இறங்கி வரும் என்பதற்கு இது சாட்சி.

கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் வந்த 3060-ல் 12 ஜிபி மெமரி, விலை 329 டாலர். 2023-ல் வந்த 4060-ல் 8 ஜிபிதான், விலை 299 டாலர். கிடங்கு சிறுத்தது, வாசலும் 192-லிருந்து 128 ஆகக் குறுகியது. ஆனால் புதியது கரண்ட் குறைவாக இழுக்கிறது, 170 வாட் இருந்த இடத்தில் 115 வாட். பல வேலைகளில் வேகமும் சற்றுக் கூடுதல். விலையும் 30 டாலர் குறைந்திருக்கிறது. ஆகவே எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

விலை ஏன் ஏறுகிறது?

80 தரத்துக் கார்டு 2020-ல் 699 டாலர். 2022-ல் 1,199 டாலர். 2025-ல் வந்த 5080 கொஞ்சம் இறங்கி 999 டாலர். இதற்குக் காரணம் ஒன்றல்ல. 2020, 2021-ல் கிரிப்டோ நாணயம் உண்டாக்குவோர் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். கம்பெனி விலைக்கு இரட்டிப்பாகக் கைமாறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயத்துக்குக் கார்டு தேவையில்லை என்று முறை மாறியதும் அந்தக் கிராக்கி இறங்கியது. அதற்குள் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மெமரி சிப் செய்வதில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரே பெரும் புள்ளிகள். மூவருக்கும் பெரிய டேட்டா சென்டர்களின் ஆர்டரில்தான் லாபம். 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றுவந்த குருஷியல் மெமரி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. அதே டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. இவற்றோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.

என்விடியாவின் கணக்கையே பாருங்கள். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 13,000 கோடி டாலர். அதில் விளையாட்டுக் கார்டுகளின் பங்கு சுமார் 1,135 கோடி. நூறு ரூபாயில் ஒன்பது ரூபாய்கூட இல்லை. பெரிய வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது சின்ன வாடிக்கையாளரை யார் கவனிப்பார்கள்? பெரிய சங்கிலிக் கடைகளுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்று சரக்கு வாங்கும் நமக்கு இந்த வலி தெரியாததா?

நம் அலமாரியில் நடப்பது

இப்போது நம் கடைக்கு வருவோம். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அங்கே ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்தான் ஓடும். விலை மாறாது, உறையின் கலர் மாறாது, உள்ளே மட்டும் கிராம் இறங்கிக்கொண்டே வரும். "என்ன அண்ணாச்சி, பாக்கெட் இளைச்சுப் போச்சே" என்று அந்த அம்மா கேட்பது கம்பெனியை அல்ல, நம்மை. பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றைக் குறிப்பிட்ட எடைகளில்தான் அடைக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதியில் ஓர் அட்டவணை இருந்தது. 2021-ல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. பதிலாகக் கிராமுக்கு எவ்வளவு என்ற விலையை அச்சிடச் சொன்னது. அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

இன்னொன்று, ஓடுகிற சரக்கு வேண்டுமானால் ஓடாத சரக்கையும் எடு என்று நம் தலையில் கட்டுவது. 2021 தட்டுப்பாட்டில் கார்டு வாங்க வந்தவர்களுக்கும் இதே கதிதான். வேண்டாத பவர் சப்ளையையோ மதர்போர்டையோ சேர்த்து வாங்கினால்தான் கார்டு என்றார்கள்.

பழைய சரக்கைப் புது விலைக்கு விற்பது பற்றியும் நம்மிடையே வாதம் உண்டு. ரிச்சி தெருக்காரர்களையும் ஜனங்கள் அதற்காகத் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். விற்ற பணத்தில் அதே சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டுமே! விலை இறங்கும்போது நஷ்டத்துக்கு விற்பவனும் அதே வியாபாரிதான். விலையை வெளிப்படையாக ஏற்றினால் வாங்குபவர் யோசித்து வாங்கலாம், வாங்காமலும் போகலாம். பெயரை அப்படியே வைத்துச் சரக்கைக் குறைத்தால் அந்த யோசனைக்கே இடமில்லாமல் போகிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 1987 தீபாவளி சமயம், 240 முந்திரி தட்டுப்பாடு. நான் புதிதாகத் தொழிலில் இறங்கிய வேகம். ஒரு மிட்டாய்க் கடைக்காரருக்கு 320 பருப்பை 240 என்று சொல்லி, 240 விலைக்கே இரண்டு டின் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அவர் டின்னோடு வந்தார். ஒரு பவுண்டுக்கான எடையை என் தராசிலேயே நிறுத்து, பேப்பரில் கொட்டி, எதிரில் உட்கார்ந்து எண்ணினார். 300 தாண்டியது. "தம்பி, 320-ன்னு சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பேன். சரக்கு இல்லாத நேரம்தானே" என்றார். சத்தம் போடவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் மூன்று வருஷம் என் கடைப் பக்கம் வரவில்லை. அன்று அவரிடம் பவுண்டு கணக்கு என்ற ஓர் அளவு இருந்ததால் என்னைப் பிடிக்க முடிந்தது. கார்டு வாங்கும் பையன்களிடமும், ஐந்து ரூபாய் பாக்கெட் வாங்கும் அம்மாவிடமும் அப்படி ஓர் அளவு இல்லை. அவர்களுக்குப் பதில் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகள். ஒன்று, எந்த பாக்கெட்டில் எத்தனை கிராம் குறைந்தது என்று மாதந்தோறும் ஒரு பேரேட்டில் எழுதி, நம் இதழில் அச்சிட வேண்டும். இரண்டு, அதைக் கடை வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். கம்பெனி செய்த குறைப்புக்கு நாம் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? மூன்று, எடையைக் குறைத்தால் உறையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று தாம்பரம் முதல் சோழிங்கநல்லூர் வரை உள்ள எல்லாச் சங்கங்களும் சேர்ந்து கம்பெனிகளுக்கு எழுத வேண்டும். 4080 விஷயத்தில் கடை கண்ணி இல்லாத பையன்கள் சாதித்ததை, ஆயிரக்கணக்கில் கடை வைத்திருக்கும் நம்மால் சாதிக்க முடியாதா? கூடவே, மொத்த வியாபாரிகளான நாங்களும் இரண்டாம் ரகத்தை இரண்டாம் ரகம் என்றே பில்லில் எழுதித் தர வேண்டும். என் கடையில் அதை ஆரம்பித்துவிட்டேன்.

பேரன் என்ன வாங்கினான் என்று கேட்பீர்கள். பெட்டியில் இருந்த பெரிய எண்ணை விட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்து, 16 ஜிபி கார்டை வாங்கினான். பில்லில் பெயரோடு மெமரி அளவையும் எழுதச் சொன்னேன். கடைப் பையன் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் கடையில் இளைத்துப்போன பாக்கெட் ஒன்றையும் அதன் பழைய உறை கிடைத்தால் அதையும் கொண்டுவாருங்கள். பேரேட்டை அன்றே தொடங்கிவிடலாம்.