கண்ணுக்குள் கள்ள வாய்க்கால்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றை அணை கட்டித் தேக்கி, வாய்க்கால் வழியே வயலுக்கு விடுகிறோம். நம் உடம்பிலும் இத்தகைய பாசனம் உண்டு. ஆனால் அங்கே மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை. செல்களே ஊர்ந்து சென்று வாய்க்காலாகி விடுகின்றன!

பிராணவாயு போதாத திசு, வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைத் தூது விடுகிறது. அருகிலுள்ள இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் அத்தூதைத் தம் மேலுள்ள ஏற்பிகளால் பெறுகின்றன. அவற்றுள் ஒன்று முன்னோடியாகி, விரல் போன்ற நீட்சிகளை நீட்டித் தூது வந்த திசையில் நகர்கிறது. அதுவே 'நாட்ச்' என்னும் மற்றொரு சமிக்ஞையால் அண்டைச் செல்களை முந்தவிடாமல் தடுத்து, பின்தொடர்ந்து குழாயாகச் செய்கிறது. எல்லாரும் தலைவரானால் ஊர்வலம் ஏது?

கருவில் சிசு வளர்வதும் புண் ஆறுவதும் இதனால்தான். ஆனால் இதே ஏற்பாடு தீமைக்கும் துணைபோகும். புற்றுநோய்க் கட்டி புதிய குழாய்களை வரவழைத்தே வளர்கிறது என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார். சர்க்கரை நோயிலோ, விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதாகின்றன. மூச்சுமுட்டும் விழித்திரை தூது விடுகிறது. புதுக் குழாய்கள் முளைக்கின்றன. கரை பலமில்லாத கள்ள வாய்க்கால்கள் அவை! உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம்.

என் தந்தை பள்ளி சென்றதில்லை. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர். கண்ணில் வலியில்லை, எனவே கண்ணைக் காட்டவில்லை. காட்டச் சொன்னவரும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு காலையில் வலக்கண்ணில் கரும்புகை படர்ந்தது. பாதிப் பார்வை போயிற்று. டாக்டர் சொன்ன காரணத்தை நான் விளக்கியபோது அவர் கேட்டார்: "இதெல்லாம் உன் புத்தகத்துல இருக்குதாப்பா?"

இருந்தது. சமிக்ஞை வழிகளைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது, பாராட்டுக்குரியது. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியும் ஆண்டுதோறும் மலையேற வேண்டும். வெள்ளிமலையோடு நின்றுவிடாமல் சிற்றூர்களுக்கும் செல்ல வேண்டும். அத்தூதை வழிமறிக்கும் ஊசி மருந்து உண்டு; லேசர் சிகிச்சையும் உண்டு. காலத்தில் கண்டறிந்தால்தான் அவை முழுப் பயன் தரும்.

"அது டாக்டர்கள் வேலை, பி.எஸ்ஸி. மாணவனுக்கு என்ன?" என்று நண்பர்கள் கேட்கலாம். ஊசி போடுவது அவர்கள் வேலைதான். ஆனால், "கண் நன்றாகத் தெரிந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டுங்கள்" என்று திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொல்வது நம் வேலை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்கு அது கடமையுங்கூட. இந்த விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டிலாவது சொல்வோம். நான் என் தெருவில் தொடங்கிவிட்டேன், ஓராண்டு தாமதமாக.