அணிலும் ஆடும்

முதல் வகுப்புப் பிள்ளைக்கு 'அ' என்றால் அணில். 'ஆ' என்றால் ஆடு. எழுத்தினை விலங்கின் வழியே புகட்டும் இம்முறை நன்றே. ஆயின், எழுத்து மனத்திற் பதிந்ததும் விலங்கினைக் கைவிட்டு விடுகின்றோம்! பசுவின் கன்றையும் 'குட்டி' என்றெழுதும் மாணவரைக் கல்லூரி வகுப்பிலும் காண்கின்றோம். குறை அவர்களுடையதன்று, தொடக்கத்தில் சொல்லித் தராத நம்முடையதே. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதினைத் தொகுத்துரைக்கின்றது. யானைக்கன்று, புலிப்பறழ், ஆட்டுமறி என்பன பட்ட வகுப்பில் நூற்பாவாக உருப்போடற்குரியன அல்ல. ஐந்தாறு வயதில் விளையாட்டாய் நாவிற் பழகற்குரியன. குயில் கூவுதலும், மயில் அகவுதலும், யானை பிளிறுதலும் அங்ஙனமே. வகுப்பறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படம் தொங்கட்டும், வேண்டாவென்பார் யார்? பள்ளி வாயிலில் தழை மேயும் ஆட்டினையும் அதன் மறியினையும் காட்ட, ஆசிரியர் பிள்ளைகளை ஒருநாள் வெளியே அழைத்துச் செல்லலாகாதா? அதற்குச் செலவும் இல்லை.