ஹெட்டர் வேணாம் தம்பி, காயலான் கடைக்கு வாங்க

வண்டி மேட்டர்னு தெரிஞ்சதுமே பாதிப் பேர் எஸ்கேப் ஆயிடுவீங்க. பரவாயில்லை, மீதிப் பேருக்காக எழுதறேன். ரெண்டு வாரமா ஒரு நண்பரோட எனக்கு ஓயாத சண்டை. அவர்கிட்டயும் என்கிட்டயும் ஒரே இன்ஜின், ஃபோர்டு 300. வரிசையா ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர். 1965-லருந்து 1996 வரைக்கும் ஃபோர்டு பிக்கப்ல போட்டுக்கிட்டே இருந்த இரும்புக் குண்டு. அவரோடதுல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டுடுச்சு. "அண்ணே, பளபளன்னு ஒரு ஹெட்டர் வாங்கி மாட்டப்போறேன், வண்டி பறக்கும் பாருங்க"ங்கறார். வேணாம் தம்பின்னு நான்.

மேனிஃபோல்டுன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: ஒவ்வொரு சிலிண்டர்லருந்தும் வெளிய வர்ற எரிஞ்ச புகையை ஒண்ணா சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பற வார்ப்பிரும்புச் சமாச்சாரம். ஹெட்டர்னா அதையே மெல்லிசான எஃகுக் குழாய்ல, சிலிண்டருக்கு ஒரு குழாய்னு நீளமா வளைச்சு செய்யறது. பந்தய வண்டில பாத்திருப்பீங்க.

என் வண்டி 1977 எஃப்-150. இங்க மிச்சிகன்ல ரோட்டுல கொட்டற உப்புல பாதி துருவா கரைஞ்சு, மீதி பிடிவாதத்துல ஓடுது. நாலு வருஷம் முன்னாடி, குளிர்காலத்துல காலைல ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக் டிக்னு ஒரு சத்தம் வரும். பத்து நிமிஷம் ஓட்டினா நின்னுடும். நின்னுடுச்சேன்னு நானும் விட்டுட்டேன். இதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. இரும்பு சூடாகி விரியும்போது விரிசல் தற்காலிகமா மூடிக்குது, சத்தம் அடங்குது, ஆனா புகை கசியறது முழுசா நிக்கறதில்லை. எனக்கு அப்போ அது தெரியாது.

ஒருநாள் பொண்ணை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். "அப்பா, இந்த வண்டில வந்தாலே எனக்குத் தலை வலிக்குதுப்பா"ன்னா. பள்ளிக்கூட டென்ஷனா இருக்கும்னு நினைச்சேன். மூணாவது தடவை சொன்னப்பதான் உறைச்சுது. கையடக்க கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒண்ணு வாங்கி சீட்ல வச்சேன். சிக்னல்ல ஹீட்டரைப் போட்டுட்டு நின்னா 60 பிபிஎம் தாண்டுது. அமெரிக்கால வெளிக்காத்துக்கே எட்டு மணி நேர சராசரி வரம்பு 9 பிபிஎம்தான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ஹீட்டர் காத்தை இழுக்கற வாய் கண்ணாடிக்குக் கீழ, பானெட்டை ஒட்டி இருக்கு. பானெட்டுக்குள்ள கசியறது நேரா உள்ள வரும். பத்தாததுக்கு ஒயர் நுழையற ஓட்டையில இருந்த ரப்பர் எல்லாம் இத்துப் போயிருந்தது. இன்னொண்ணு, இந்த வண்டில புகையைச் சுத்தம் பண்ற கேடலிடிக் கன்வர்ட்டரும் கிடையாது. எஃப்-150ங்கற மாடலே 1975-ல வந்ததுக்கு அதுதான் காரணம். வண்டியும் சுமையும் சேர்ந்த கணக்கு 6000 பவுண்டைத் தாண்டினா கன்வர்ட்டர் கட்டாயமில்லைன்னு அப்போ விதி இருந்தது. அதைத் தாண்டற மாதிரி ஒரு வண்டியைக் கொண்டாந்துட்டாங்க. என்ன ஒரு மூளை!

சரி, இது ஏன் விரிசல் விடுது? பழைய 300-ல ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வார்ப்பு, கிட்டத்தட்ட ரெண்டு அடி நீளம். வெப்பநிலை 500 டிகிரி ஏறினா அவ்வளவு நீள வார்ப்பிரும்பு மூணு மில்லிமீட்டருக்கு மேல நீளும். அது திருகியிருக்கற சிலிண்டர் ஹெட்டோ தண்ணில குளிர்ந்துக்கிட்டு இருக்கறதால அவ்வளவு நீளாது. ஒண்ணு இழுக்குது, ஒண்ணு விட மாட்டேங்குது. நாப்பது வருஷம் இப்படியே போனா ஓரத்து போல்ட் உடையும், இல்லன்னா நடுவுல வெடிக்கும். அதே மாடல்ல புதுசு வாங்கி மாட்டினா? இன்னும் கொஞ்ச வருஷத்துல அதே கதை.

இங்கதான் என் கட்சி. 1987-ல இந்த இன்ஜினுக்கு கார்புரேட்டரை எடுத்துட்டு ஃப்யூவல் இஞ்செக்‌ஷன் குடுத்தாங்க. அப்பவே ஃபோர்டு மேனிஃபோல்டையும் ரெண்டா வெட்டிட்டாங்க. முன்னாடி மூணு சிலிண்டருக்கு ஒண்ணு, பின்னாடி மூணுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் பாதி நீளம், அதனால இழுபறியும் பாதி. வார்ப்பிரும்புதான், ஆனா உள்ள வழி நல்லா வளைஞ்சு இருக்கும். 1996 வரைக்கும் வந்த வண்டிகள்ல இதுதான். பழைய 300 ஹெட்லயும் இது உக்காரும்.

இந்த ரெண்டு துண்டு வெறும் பலத்துக்காக மட்டும் இல்ல. இன்ஜின் வெடிக்கற வரிசை 1-5-3-6-2-4. நல்லா பாருங்க: முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, முன்னாடி, பின்னாடின்னு மாறி மாறி வருது. ஒரே குழாய்ல ஆறும் கொட்டினா 120 டிகிரிக்கு ஒரு புகை. முதல் ஆள் வாசலைத் தாண்டறதுக்குள்ள அடுத்த ஆள் முதுகுல முட்டறான். ரெண்டா பிரிச்சா ஒவ்வொரு வாசலுக்கும் 240 டிகிரிக்கு ஒரு ஆள், நெரிசலே இல்ல. காசு குடுத்து வாங்கற ஹெட்டர் பண்ற வேலைல பெரும்பங்கு இதுதான்.

"ஆனா அண்ணே, ஹெட்டர்ல பவர் ஜாஸ்தி!" எவ்வளவு தம்பி? அதுவும் எந்த வேகத்துல? இந்த இன்ஜினோட முழு இழுவை 2000 ஆர்பிஎம் பக்கத்துலயே வந்துடுது. கடைசி வருஷங்கள்ல கூட சுமார் 150 குதிரைசக்திதான், அதுவும் 3400-ல. நீளக் குழாய் ஹெட்டர் சாதிக்கற இடம் அதுக்கும் மேல. அங்க இந்த ஹெட்டால மூச்சு விடவே முடியாது. கேம், நாலு பேரல் கார்புரேட்டர்னு எல்லாத்தையும் மாத்தறவர் ஹெட்டர் போடட்டும், நான் தடுக்கல. வெறகும் உரமும் ஏத்தற வண்டிக்கு எதுக்கு? மெல்லிசான எஃகு இந்த உப்புல சீக்கிரம் ஓட்டையாகும். ஃப்ளாஞ்ச் கோணும், கேஸ்கெட் ஊதும். அப்புறம் மறுபடி டிக் டிக் டிக். நான் பயப்படறது அந்தச் சத்தத்துக்குத்தான்.

நான் போனது இங்க இருக்கற ஒரு காயலான் கடை. 1994 பிக்கப் ஒண்ணு கால் இல்லாம கிடந்தது. ரெண்டு மேனிஃபோல்டும், ரெண்டையும் சேர்க்கற ஒய் குழாயும் 90 டாலர். 300 நின்னுபோய் வருஷம் பல ஆச்சுங்கறதால இப்போ முன்ன மாதிரி கண்ல படறதில்லை, தேடணும்.

சும்மா மாட்டினா ஆயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த இன்ஜின்ல புகை வெளிய போறதும் காத்து உள்ள வர்றதும் ஒரே பக்கம். ரெண்டு மேனிஃபோல்டையும் சில இடத்துல ஒரே வாஷர்தான் அழுத்திப் பிடிக்கும். ரெண்டு ஃப்ளாஞ்சோட கனமும் ஒண்ணா இல்லன்னா ஏதாவது ஒரு பக்கம் கசியும். அளந்து, இழைச்சு, அப்புறம்தான் மாட்டணும். அதைவிடப் பெரிய தலைவலி சூடு. பழைய அமைப்புல எக்ஸாஸ்ட் மேல இன்டேக் உக்காந்து அந்தச் சூட்டுல பெட்ரோல் ஆவியாகும். ரெண்டு துண்டு போட்டா அந்தச் சூடு போச்சு. ஜனவரில கார்புரேட்டர் இருமித் தள்ளும். இன்டேக்குக்கு அடியில ஒரு தகடு அடிச்சு, ஹீட்டருக்குப் போற வெந்நீரை அது வழியா சுத்த விட்டேன். ஒரு முழு வாரக்கடைசி போச்சு. இப்பவும் முதல் அஞ்சு நிமிஷம் கொஞ்சம் முக்கும். ஹெட்டர் போட்டாலும் இதே பிரச்சனைதான், ஆனா அட்டைப்பெட்டில அதை யாரும் எழுதறதில்லை.

"ஒரிஜினலா இருந்தாதான் அழகு"ன்னு சொல்ற கோஷ்டி ஒண்ணு இருக்கு. பழசை ஒட்டவச்சு ஓட்டணுமாம். வார்ப்பிரும்பை ஒழுங்கா வெல்டு பண்ண முன்னாடியும் பின்னாடியும் மெதுவா சூடேத்தி ஆறவிடணும். அதுக்கு ஆள் கிடைச்சா சந்தோஷம். காட்சிக்கு நிறுத்தற வண்டின்னா சரி. குழந்தைங்க ஏறற வண்டில அந்தப் பரிசோதனையை நான் பண்ண மாட்டேன்.

என் வண்டில இப்போ மீட்டர் பூஜ்யம் காட்டுது. வருஷத்துக்கு ரெண்டு தடவை பாக்கறேன், பொண்ணு கிண்டல் பண்றா.

நண்பர் நேத்து ராத்திரி போன் பண்ணினார். ஹெட்டர் ஆர்டரை கேன்சல் பண்ணலையாம், ஆனா "சும்மா பாக்க" சனிக்கிழமை காயலான் கடைக்கு வர்றாராம். பழைய போல்ட்டுக்கெல்லாம் இன்னைலருந்தே தினமும் துரு எண்ணெய் விடச் சொல்லியிருக்கேன். உடைஞ்ச போல்ட்டைத் தோண்டி எடுக்கற வேலை எவ்வளவு கொடுமைன்னு அவருக்கு இன்னும் தெரியாது. எனக்கு மூணு உடைஞ்சது.