டிரைவர் இல்லாத செல்போன்

போன மாதம் ஒரு ராத்திரி, "அப்டேட் செய்யவா?" என்று என் செல்போன் கேட்டது. சரி என்று தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கம்பெனி லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி வருகிறது. அதைத் தாண்டிப் போகவில்லை.

கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ரீசெட் போட்டால் சரியாயிடும் சார். ஆனா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடும்" என்றான். உள்ளே இருப்பது என்ன? அம்மாவோடு கொண்டாடிய கடைசிப் பொங்கலின் வீடியோ. வீட்டம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள். காப்பி எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சாயங்காலம் அடுத்த தெருப் பையன் வந்தான். டிப்ளமோ முடித்தவன். என் மகன் வாங்கிக் கொடுத்த புது விண்டோஸ் லேப்டாப்பில் கேபிளைச் செருகிப் பார்த்தான். மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'தெரியாத சாதனம்' என்று வந்தது. "டிரைவர் இல்லை அங்கிள்" என்றான். "எந்த பஸ்ஸுக்குடா?" என்றேன். சிரித்துவிட்டு விளக்கினான்.

கம்ப்யூட்டருக்கும் அதில் செருகும் பொருளுக்கும் நடுவே பேசும் துபாஷிதான் டிரைவர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. விண்டோஸ் அந்த எண்ணைப் பார்த்து, அதற்கு உரிய துபாஷி தன்னிடம் இருக்கிறானா என்று தேடும். இல்லையென்றால் கையை விரித்துவிடும். இணையத்தில் "இங்கே இலவச டிரைவர்" என்று எத்தனையோ தளங்கள். வைரஸ் எதில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முறையான கையொப்பம் இல்லாத டிரைவரை இப்போதைய விண்டோஸ் ஏற்றுக்கொள்ளவும் மறுக்கிறது. நம் பாதுகாப்புக்குத்தான், ஆனால் அன்று அது எனக்கு உதவவில்லை.

பையன் வீட்டுக்குப் போய் ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து வந்தான். அவன் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. 2011-ல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். எல்காட் மூலம் வந்த அந்த லேப்டாப்புகளில் தொடக்கத்தில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டுச் சரக்கு. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இந்தப் பையன் விண்டோஸை எடுத்துவிட்டு, புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறான்.

செல்போனில் பவர் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்தினான். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. இதுதான் ரெகவரி. அதில் எல்லாவற்றையும் அழிக்கும் வழியும் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து அப்டேட்டை ஏற்றும் வழியும் இருக்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். லினக்ஸில் 'ஏடிபி' என்ற சிறு நிரல் யுஎஸ்பி வழியாக நேரடியாகவே பேசிவிடுகிறது. தனி டிரைவர் வேண்டியதில்லை. நல்லவேளையாக என் மாடலுக்கான முழு அப்டேட் கோப்பைக் கம்பெனி தன் தளத்தில் வைத்திருந்தது. இறக்கி, ஏற்றி, அரை மணி நேரத்தில் போன் எழுந்துவிட்டது. அம்மா அப்படியே இருந்தார்.

இதை வைத்து லினக்ஸ் உசத்தி, விண்டோஸ் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பல கம்பெனிகளின் ரிப்பேர் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஐபோனுக்கு மேக்கில் எல்லாம் கூடவே வருகிறது. விண்டோஸில் ஆப்பிளின் மென்பொருளைத் தனியாக ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு போனிலிருந்து படம் எடுக்க மேக்கில் வேறு செயலி வேண்டும். ஒரே வீட்டின் ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சாவி.

என் நண்பர் ஒருவருக்கும் இதே கோளாறு வந்தது. வேறு கம்பெனி போன். அவர்கள் அப்டேட் கோப்பை வெளியிடவே இல்லை. ரீசெட் போட்டார்கள், பத்து வருடப் படங்கள் போயின. "சிப்பைக் கழற்றி எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் பணம் கேட்டாராம். இப்போதைய போன்களில் எல்லாமே பூட்டெழுத்தில்தான் பதிவாகிறது. அதன் சாவி போனுக்குள்ளேயே இருக்கிறது. ரீசெட்டில் சாவியும் அழிந்துவிடும். பிறகு சிப் கையில் இருந்தும் பயனில்லை.

இரண்டு போனுக்கும் வந்த நோய் ஒன்று. ஒன்று பிழைத்தது, ஒன்று போயிற்று. ஒரு கம்பெனி கோப்பை வெளியில் வைத்தது, இன்னொன்று வைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம். இதை அதிர்ஷ்டத்துக்கு விடலாமா?

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது. முதல் யூனிட் 1962-ல் ஓடத் தொடங்கியது. 2020-ல்தான் நிலையத்தை மூடினார்கள். செய்து கொடுத்த சோவியத் நாடே 1991-ல் இல்லாமல் போய்விட்டது. இயந்திரம் அதற்குப் பிறகும் ஓடியது. வரைபடமும் கையேடும் கையில் இல்லாமல் எந்த இயந்திரத்தை இத்தனை வருடம் பராமரிக்க முடியும்? காசு கொடுத்து வாங்கிய செல்போனுக்கு மட்டும் ஏன் அந்தக் காகிதங்கள் நமக்குக் கிடையாது?

ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருடம் அப்டேட், 7 வருடம் உதிரி பாகம் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை 'ரிப்பேர் உரிமை' இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் இங்கே இது கம்பெனிகளின் விருப்பமாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும். மாடல்வாரியாக அப்டேட் கோப்பையும், கையொப்பமிட்ட டிரைவரையும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும். ஆயுள் சான்றையே செல்போனில் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் காலத்தில் இது பெரிய கோரிக்கையா?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நம் வயதுக்காரர்களுக்கு மூன்று வார்த்தை. மாதம் ஒருமுறை படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். லோகோவில் நின்றுவிட்டால் ரீசெட்டுக்கு உடனே தலையாட்டாதீர்கள், "டேட்டா போகாமல் அப்டேட்டை மட்டும் ஏற்றிப் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். வீட்டில் அரசாங்க லேப்டாப் ஏதாவது பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

நானும் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காப்பி எடுக்கிறேன். அந்தப் பொங்கல் வீடியோ மூன்று இடத்தில் இருக்கிறது.