ஊரை வளர்த்தவர்களுக்கு ஊரில் இடம் உண்டா?

உங்கள் காலில் கிடக்கும் செருப்பை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள்.

அது தோல் செருப்பா? அப்படியானால் அந்தத் தோல் ஆம்பூரில் பதனிடப்பட்டதாக இருக்கலாம். அல்லது வாணியம்பாடியில், பேரணாம்பட்டில், மேல்விஷாரத்தில், ராணிப்பேட்டையில் பதனிடப்பட்டதாக இருக்கலாம்.

ஆம்பூர் ஷூ கப்பல் ஏறுகிறது. ஐரோப்பாவுக்குப் போகிறது. அமெரிக்காவுக்குப் போகிறது. அங்குள்ள பெரிய கடைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஷூவுக்குக் கண்ணாடி வீடு கிடைத்துவிட்டது. அதைத் தைத்த கைகளுக்கு?

இதுதான் கேள்வி.

ஆவாரம் பட்டை போய்...

ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். பாதி பதனிட்ட தோலாகவே அது வெளிநாட்டுக்குப் போயிற்று.

"பாதி வேலையை நாம் செய்கிறோம். மீதி வேலையை அவன் செய்து, முழு லாபத்தையும் எடுத்துக்கொள்கிறான். முழு வேலையையும் நாமே செய்தால் என்ன?" என்று 1970-களில் அரசாங்கம் நினைத்தது. ஏற்றுமதிக் கொள்கையை மாற்றியது.

நல்ல எண்ணம்தான். வேலை பெருகியது. அந்நியச் செலாவணி வந்தது.

ஆனால் கூடவே குரோமிய உப்பும் வந்தது.

ஒரு கிலோ தோலை முழுதாகப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரோமிய முறையில் பயன்படும் ரசாயனங்கள் ஏறத்தாழ 170 வகை. இவை சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே உள்ள கணக்குகள்.

தோல் கப்பல் ஏறிவிட்டது. கழிவுத் தண்ணீர் எங்கே போயிற்று?

பாலாற்றுக்குப் போயிற்று. ஏரிக்குப் போயிற்று. வயலுக்குப் போயிற்று. கடைசியில், ஏழையின் கிணற்றுக்குப் போயிற்று.

ஆற்றோரம் இருந்தும்...

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35 ஆயிரம் எக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் சொன்ன கணக்கு கோர்ட்டில் வந்தது. நம் ஏக்கர் கணக்கில் சுமார் 86 ஆயிரம் ஏக்கர்!

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. "கெடுத்தவனே செலவு கொடுக்க வேண்டும்" என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள்.

நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ல் அது சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நிர்ணயித்தது. ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்! ஒரு தலைமுறையின் நிலத்துக்கும் கிணற்றுக்கும் இதுவே விலை.

அந்தப் பணமாவது எல்லோருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா? சேரவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. இன்னும் பணம் பெறாத குடும்பங்களுக்கு உடனே கொடுக்கும்படி உத்தரவிட்டது. வழக்குப் போட்ட ஆண்டு பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வயது ஆகியிருக்கும்.

பாலாற்றங்கரை ஊர்களுக்கு இப்போது மேட்டூரிலிருந்து குழாய் வழியே காவிரித் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் பாலாறு. குடிப்பதோ காவிரி!

யார் எங்கே தூங்குகிறார்கள்?

ஒரு ஊரின் நீதியை அறிய வேண்டுமா? அங்கே யார் எங்கே தூங்குகிறார்கள் என்று பாருங்கள்.

2015-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், ராணிப்பேட்டையில் ஒரு நள்ளிரவு. தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது.

பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சுவர் உடைந்ததற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் அவர்கள் ஏன் அங்கே படுத்திருந்தார்கள்? வேறு இடம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்!

ஈரத்தோலோடு காலமெல்லாம் போராடியவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்களும் ஏழை முஸ்லிம்களும்தான். ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாற்றம் இருக்கும் பக்கம் அவர்கள் பக்கம். சாக்கடை ஓடும் பக்கம் அவர்கள் பக்கம். "அங்கேதான் வாடகை குறைவு" என்பதே இதற்குக் காரணம்.

இப்போது அந்தக் குறைந்த வாடகைக்கும் ஆபத்து வந்திருக்கிறது.

ஊர் அழகாகிறது, வாடகை ஏறுகிறது

2008-ல் வேலூர் மாநகராட்சி ஆயிற்று. 2016-ல் "ஸ்மார்ட் சிட்டி" பட்டியலில் இடம் பிடித்தது. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. 2024-ல் பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

நல்லது. ஊர் வளர வேண்டியதுதான். புதிய சாலையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் சாலை வந்ததும் என்ன நடக்கிறது? மனை விலை ஏறுகிறது. மனை விலை ஏறினால் வாடகை ஏறுகிறது. வாடகை ஏறினால் ஏழை மூட்டை கட்டுகிறான்.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களைப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும், வடகிழக்கிலிருந்தும், வங்காளதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் தங்க இடம் வேண்டும். குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டால் கிடைப்பதைவிட, லாட்ஜாக மாற்றி நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு வருமானம் அதிகம். வீடு லாட்ஜாகிறது. குடியிருந்தவர் ஊருக்கு வெளியே போகிறார்.

வீட்டுக்காரர் கெட்டவரா? இல்லை. நோயாளி கெட்டவரா? பாவம், அவரே துன்பத்தில் வந்தவர். தப்பு எங்கே இருக்கிறது? ஊரை வளர்க்கத் திட்டம் போட்டவர்கள், பழைய குடிகள் எங்கே போவார்கள் என்று திட்டம் போடவில்லை. அங்கேதான் தப்பு!

அமெரிக்காவில் நடந்தது

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கே சாவேஸ் ரவீன் என்று ஒரு மேட்டுப் பகுதி. மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ஆடு, கோழி, தோட்டம், மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன.

1950-ல் அவர்களுக்குக் கடிதம் வந்தது. "காலி செய்யுங்கள். இங்கே ஏழைகளுக்கு வீடு கட்டப் போகிறோம். உங்களுக்கே முதல் உரிமை" என்றார்கள். நம்பிப் போனார்கள்.

வீடு கட்டினார்களா? இல்லை! திட்டத்தையே கைவிட்டார்கள். போகமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்த கடைசிக் குடும்பங்களை 1959-ல் போலீசார் வெளியேற்றினார்கள். 1962-ல் அந்த இடத்தில் பேஸ்பால் ஆட்ட மைதானம் திறக்கப்பட்டது.

ஏழை வீடு என்று சொல்லி எடுத்த இடத்தில், பந்து விளையாடினார்கள்!

நம் சென்னையிலும் ஒரு பாடம் உண்டு. கூவம் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியேற்றினார்கள். சிமெண்டு வீடு கிடைத்தது. ஆனால் பழைய இடத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த தாய், வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. பலருக்கு வேலையே போயிற்று.

கூரை கிடைத்தது. சோறு தூரமாகிவிட்டது.

"ஆற்றங்கரையில் இருக்கலாமா?"

சிலர் கேட்பார்கள்: "ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டால் வெள்ளம் அடித்துப் போகாதா? அப்புறப்படுத்துவது அவர்கள் நன்மைக்குத்தானே?"

நியாயமான கேள்வி. 1903-ல் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரிலும் பாலாறு கரைபுரண்டது. ஆறு தன் இடத்தை மறப்பதில்லை. ஆற்றின் வழியில் யாரும் குடியிருக்கக் கூடாதுதான்.

"யாரும்" என்றால் யாரும்! குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு, கல்யாண மண்டபம் மட்டும் வளர்ச்சி என்றால் அது சட்டம் அல்ல, ஓரவஞ்சனை.

அப்புறப்படுத்தும் குடும்பத்தை எங்கே குடிவைக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. காலையில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர முடிய வேண்டும். அது முடியாத தூரத்தில் கொடுக்கும் வீடு, வீடு அல்ல, நாடு கடத்தல்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: நகர வரைபடத்தைப் பற்றி மக்கள் ஆட்சேபம் சொல்ல 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெரிய தாளில் வண்ணக் கோடுகளைப் போட்டு ஆபீசில் தொங்கவிட்டால் யாருக்குப் புரியும்? வார்டு வார்டாகப் போய், "இந்தத் தெரு இப்படி ஆகப் போகிறது" என்று தமிழில் சொல்ல வேண்டும்.

இரண்டு: குடிபெயர்க்க வேண்டியிருந்தால் அதே ஊருக்குள், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் இடம் வேண்டும். பட்டா பெண் பெயரில் இருக்கட்டும். புது வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும்.

மூன்று: வெளியூர்த் தொழிலாளிக்குத் தொழிற்சாலைக்கு வெளியே விடுதி வேண்டும். கழிவுத் தொட்டியின் நிழலில் இனி ஒருவரும் தூங்கக் கூடாது.

நான்கு: முதலில் நஞ்சை அப்புறப்படுத்துங்கள். ராணிப்பேட்டையில் ஒரு குரோமிய ஆலை 1990-களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியல், ஆலை மூடி இருபது ஆண்டுக்குப் பிறகும் அங்கேயே கிடந்தது. குடிசையை ஒரே நாளில் அகற்ற இயந்திரம் வருகிறது. நஞ்சுக் குவியலை அகற்ற மட்டும் வருஷக்கணக்கில் ஆகிறதே, ஏன்?

ஆலைகளை மூடச் சொல்லவில்லை. ஆலை மூடினால் அடுப்பும் மூடும். அது தொழிலாளிக்குத் தெரியும். லாபத்தைப் பங்கு போடும்போது அவர்களை மறந்தவர்கள், நஷ்டத்தை மட்டும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம் என்றே சொல்கிறோம்.

நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊரில் புதிய சாலை, புதிய பாலம், புதிய பஸ் நிலையம் வருகிறது என்றால் சந்தோஷப்படுங்கள். கூடவே உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்: "இந்த இடத்தில் இருந்தவர்கள் எங்கே போகிறார்கள் ஐயா?"

இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் அது திட்டம். பதில் இல்லாவிட்டால், யாரோ ஒரு குடும்பம் மூட்டை கட்டுகிறது என்று அர்த்தம்.

சரி, செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தைத்தவரும் உங்களைப் போல, வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர். அந்த வீடு ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.