அந்த வசனம் பிளேஸ்மென்ட்டுக்கு எழுதினது இல்லை

உங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு கிறிஸ்தவப் பையன் இருந்தா, அவன் கப்போர்டு கதவோட உள்பக்கத்தை ஒரு தடவை பாருங்க. பிலிப்பியர் 4:13 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. என் கப்போர்டிலும் இருக்கு. ஃபர்ஸ்ட் இயரில் மேத்ஸ் அரியர் விழுந்தப்ப ஒட்டினது. கிறிஸ்து பலம் தருகிறார், அதனால் எதையும் என்னால் செய்ய முடியும் என்பதுதான் அந்த வசனத்தின் சாரம். செமஸ்டர், ஆப்டிட்யூட் டெஸ்ட், எச்ஆர் ரவுண்டு என்று எல்லாத்துக்கும் முன்னாடி அதைச் சொல்லிட்டுப் போவேன்.

இந்த வருஷம்தான் தெரிஞ்சது, அந்த வசனம் ஜெயிக்கிறதைப் பத்திப் பேசவே இல்லை. அது எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு சொல்றேன். கொஞ்சம் வெட்கமான கதை.

எட்டு கம்பெனியில் வெளியே வந்து, ஒன்பதாவதில் எனக்கு ஆஃபர் கிடைத்தது. வருஷத்துக்கு 3.6 லட்சம். சாயங்காலம் ஐந்தரைக்கு செலக்‌ஷன் லிஸ்ட் வந்தது. அம்மாவுக்கு போன் பண்ணினேன், அழுதேன், ரெண்டு பேருக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். ஆறு பத்துக்கு மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, என் ரூம்மேட்டுக்கு வேறொரு கம்பெனியில் 11 லட்சம் என்று தகவல் வந்தது.

என் சந்தோஷத்தின் ஆயுள் சரியாக 40 நிமிஷம். ஐந்தரைக்கு அது எனக்கு அற்புதம். ஆறு பத்துக்கு யாராவது 'எவ்வளவுடா?' என்று கேட்டுவிடக் கூடாதே என்கிற பயம். இடையில் என் சம்பளத்தில் ஒரு பைசா கூடக் குறையவில்லை. குறைந்தது எதுன்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று நடந்தது. எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்க சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை என்று ஒரு பழக்கம் உண்டு. பிறந்தநாள், கல்யாண நாள், காய்ச்சல் குணமானது, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது என்று எதற்காக நன்றி சொல்ல நினைக்கிறோமோ அதை ஒரு கவரின் மேல் எழுதி, உள்ளே முடிந்த பணத்தை வைத்துக் கொடுப்போம். ஆராதனையில் பெயரோடு வாசிப்பார்கள். அன்றைக்கு அம்மா 500 ரூபாய் வைத்து, 'மகனுக்கு வேலை கிடைத்ததற்காக' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சபையே கேட்டிருக்கிறது. சித்தி மகன் எனக்கு மெசேஜ் அனுப்பினான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன் போட்டு, "ஏம்மா, இதுக்கெல்லாமா காணிக்கை வைப்பாங்க? எவ்வளவு சம்பளம்னு நாலு பேர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கத்தினேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஏல, நான் சம்பளத்துக்கு வைக்கல. எட்டு தடவ போன் பண்ணி கிடைக்கலம்மான்னு சொன்ன. ஒவ்வொரு தடவையும் நீ சாப்பிட்டியான்னு கூட கேக்க எனக்கு பயமா இருக்கும். ஒம்பதாவது தடவ உன் குரல் மாறியிருந்துச்சு. அதுக்குத்தான் வச்சேன்."

எனக்கு அப்பவும் உறைக்கவில்லை.

மோசமானது அதுக்கப்புறம்தான். எங்க ஜெபக்கூட்டத்தில் ஃபைனல் இயர் பசங்களை சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாட்சி என்றால், கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை எழுந்து நின்று சொல்வது. நானும் சொன்னேன். 3.6 லட்சத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "நம்ம பேட்ச்ல இன்னும் எத்தனையோ பேருக்கு ஒரு ஆஃபர் கூட இல்லை. ஆனா எனக்குக் கர்த்தர் கொடுத்திருக்கார்" என்றேன். சொன்னவுடனே மனசு லேசானது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

ரெண்டாவது வரிசையில், இன்னும் ஒரு ஆஃபர் கூட இல்லாத என் நண்பன் உட்கார்ந்திருந்தான். அவனும் ஆமென் சொன்னான். கூட்டம் முடிந்ததும், "சாட்சி நல்லா இருந்துச்சுடா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் மூன்று வாரம் ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை.

லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஒரு கதை இருக்கிறது. ஒரு பரிசேயனும் ஒரு ஆயக்காரனும் கோயிலுக்கு ஜெபிக்கப் போகிறார்கள். பரிசேயன் என்றால் மதக் கட்டளைகளைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவன். ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன், ஊரே வெறுக்கிற ஆள். பரிசேயனின் ஜெபம் எந்தச் சொல்லில் ஆரம்பிக்கிறது தெரியுமா? நன்றியில். நான் மற்றவர்களைப் போல இல்லை, இதோ இந்த ஆயக்காரனைப் போலவும் இல்லை, அதற்காக உமக்கு நன்றி என்கிறான். இயேசு அந்த ஜெபத்தை ஏற்கவில்லை. சின்ன வயசிலிருந்து சண்டே ஸ்கூலில் இந்தக் கதையைக் கேட்டு, பரிசேயனைப் பார்த்துச் சிரித்தவன் நான். அன்றைக்கு மைக் பிடித்து அதே ஜெபத்தைத்தான் பண்ணியிருக்கேன்.

நமக்குச் சின்ன வயசிலிருந்து இப்படித்தான் நன்றியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'உனக்குக் கீழே உள்ளவர்களைப் பார்.' 'சாப்பாடு இல்லாதவங்களை நினைச்சு தட்டைக் காலி பண்ணு.' நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனா கீழே பார்த்து வருகிற நிம்மதிக்கும், மேலே பார்த்து வருகிற பொறாமைக்கும் ஒரே ஸ்கேல்தான். 11 லட்சத்தைப் பார்த்தால் நான் தோற்றவன், ஆஃபர் இல்லாதவனைப் பார்த்தால் ஜெயித்தவன். இந்த நன்றி நிலைக்க வேண்டுமென்றால் யாராவது எனக்குக் கீழேயே இருந்தாக வேண்டும். அப்படி ஒரு நன்றியைக் கடவுளுக்குக் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு ராத்திரி, திடப்படுத்தலின்போது எனக்குக் கொடுத்த தமிழ் வேதாகமத்தை எடுத்தேன். நான் இங்கிலீஷ் மீடியம். வேதாகமத்தைப் பெரும்பாலும் இங்கிலீஷில், அதுவும் போனில் ஒத்தை வசனமாகத்தான் படிப்பேன். ஸ்டிக்கரில் இருக்கிற வசனத்துக்கு முன்னாடி என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இங்கிலீஷில் அந்த இடத்தில் 'கன்டென்ட்' என்று வரும். நம்ம ஜெனரேஷனுக்கு கன்டென்ட் என்றால் ரீல்ஸ்தான். தமிழில் அங்கே 'மனரம்மியம்' என்று இருக்கிறது. 'ரம்மியமான காட்சி' என்று சொல்வோமே, அதே ரம்மியம். வெளியே அல்ல, மனசுக்குள்ளே. எந்த நிலைமையில் இருந்தாலும் மனரம்மியமாக இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார். கவனிங்க, கற்றுக்கொண்டதாக. பிறவிக் குணம் என்றோ, ஜெபித்த அன்றே இறங்கி வந்தது என்றோ சொல்லவில்லை. அடுத்து, வயிறு நிறைந்திருக்கவும் தெரியும், பட்டினி கிடக்கவும் தெரியும் என்கிறார். அதற்கு அடுத்த வசனம்தான் என் ஸ்டிக்கர். ஆக, அந்த 'எதையும்' என்பதில் பட்டினியும் சேர்த்தி. எட்டு ரிஜெக்‌ஷனும் சேர்த்தி. நான் அதை ஒன்பதாவது கம்பெனிக்கு மட்டும் எழுதினதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது பவுல் சிறையில் இருக்கிறார். ரோமாபுரிச் சிறை என்பது பாரம்பரியமாகச் சொல்லப்படுவது, வேறு ஊர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அந்தக் காலத்துக் கைதிகள் சாப்பாட்டுக்கும் துணிக்கும் பெரும்பாலும் வெளியில் இருக்கிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும்தான் நம்பி இருக்க வேண்டும். பிலிப்பி ஊர்ச் சபையார் உதவி சேர்த்து, எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வந்த இடத்தில் அவர் வியாதிப்பட்டுச் சாகிற நிலைக்குப் போய்ப் பிழைக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பும்போது பவுல் எழுதின கடிதம்தான் பிலிப்பியர். ஒரு வகையில் அது ஒரு நன்றிக் கடிதம்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மனரம்மியம் என்ற இடத்தில் மூலக் கிரேக்கத்தில் வருகிற சொல், ஸ்தோயிக் தத்துவவாதிகள் விரும்பிப் பயன்படுத்தினது. யாரையும் எதையும் சாராமல், தனக்குத் தானே போதுமானவனாக இருப்பது என்று அவர்கள் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். பவுல் அதே சொல்லை எடுக்கிறார். ஆனா உடனே பலம் தன்னுடையது இல்லை, கிறிஸ்து தருவது என்கிறார். அதோடு நிறுத்தாமல், என் கஷ்டத்தில் நீங்க பங்கெடுத்தது நல்ல காரியம் என்று பிலிப்பியருக்கு நன்றியும் சொல்கிறார். நான் தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அனுப்பினீர்களே என்று பழைய உதவியையும் ஞாபகம் வைத்து எழுதுகிறார். எல்லாம் தானே போதும் என்கிறவனுக்கு நன்றி சொல்ல ஆள் தேவையில்லை. பவுலுக்கு ஆட்கள் இருந்தார்கள். யாருக்கு எவ்வளவு இருக்கு என்று அவர் பார்க்கவில்லை, தனக்குக் கொடுத்த கை எது என்று பார்த்தார். அம்மா அந்தக் கவரில் செய்ததும் அதுதான்.

இப்போ உங்களில் சிலர் கேட்பீங்க: 'இருக்கிறதை வெச்சு சந்தோஷமா இருன்னு சொல்றது, வாயை மூடிட்டு இருன்னு சொல்றதுக்கு நல்ல பெயர் தானே?' நியாயமான கேள்வி. மெஸ் சாம்பாரில் பூச்சி கிடந்தால் கூட, 'கிடைச்சதுக்கு நன்றியோட சாப்பிடு' என்று சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ரெண்டு வருஷ பாண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'வேலை கொடுத்ததே பெரிசு' என்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பதில் அதே பிலிப்பியில் இருக்கிறது. இன்றைக்கு அந்த ஊர் வட கிரேக்கத்தில் இடிபாடுகளாக இருக்கிறது, 2016இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இந்தக் கடிதம் எழுதுவதற்குப் பல வருஷம் முன்னால் பவுலையும் சீலாவையும் அங்கே விசாரணையே இல்லாமல் பொது இடத்தில் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டி, உள்காவலறையில் போட்டார்கள். நடு ராத்திரியில் ரெண்டு பேரும் பாடினார்கள். எல்லாப் பிரசங்கத்திலும் இதுவரைக்கும் சொல்வார்கள். விடிந்ததும் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதிகாரிகள் ஆள் அனுப்பி, இவர்களை விட்டுவிடு என்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்னாடியும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப் போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து கெஞ்சினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம், வாசித்துப் பாருங்க.

ராத்திரி பாடின அதே மனுஷன்தான் காலையில் நியாயம் கேட்டார். மனரம்மியம் அவர் வாயை அடைக்கவில்லை. முன்னேறக் கூடாது என்றும் அதற்கு அர்த்தம் இல்லை. பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் தன்னை இலக்கை நோக்கி ஓடுகிறவனாகத்தான் சொல்கிறார். நானும் ஆஃப் கேம்பஸில் அப்ளை பண்ணிக்கொண்டுதான் இருக்கேன். பூச்சி கிடந்தால் மெஸ் கமிட்டியில் எழுதிக் கொடுப்பேன். ஒரே வித்தியாசம், 11 லட்சம் கிடைக்கும்வரை நான் ஆளே இல்லை என்கிற நினைப்போடு இப்போது படிக்க உட்காருவதில்லை. சில நாள் அந்த நினைப்பு திரும்ப வருகிறது. கற்றுக்கொள்கிற விஷயம்தானே, எனக்கு இதில் இன்னும் அரியர் இருக்கு.

நீங்க கிறிஸ்தவரா இல்லாம இருக்கலாம். யாருக்கு நன்றி சொல்வது என்பதற்கு உங்க பதில் வேறாக இருக்கலாம். ஆனா இந்த பிளேஸ்மென்ட் சீசனில் ஒன்று பண்ணிப் பாருங்க. உங்களுக்குக் கிடைத்ததை நினைக்கும்போது, கிடைக்காத ஒருத்தனை நடுவில் கொண்டு வராமல் நன்றி சொல்ல முடிகிறதா என்று பாருங்க. கஷ்டம்தான். எனக்கு முதல் தடவை வாயில் வார்த்தையே வரவில்லை. கடைசியில் ஆட்களின் பெயர்தான் வந்தது. விடிய விடிய டேட்டா ஸ்ட்ரக்சர் சொல்லிக் கொடுத்த சீனியர். இன்டர்வியூவுக்கு ஷூ கொடுத்த ரூம்மேட், ஆமாம், அந்த 11 லட்சக்காரன்தான். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவே பயந்த அம்மா.

அம்மாவுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, சாப்டியா?" என்றார்.

நண்பன் ரூமுக்கும் போனேன். "அன்னைக்கு சாட்சியில உன்னைப் படிக்கல்லா வெச்சு ஏறிட்டேன்டா, சாரி" என்றேன். அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு கம்பெனி வருது, மாக் இன்டர்வியூ எடுக்குறியா?" என்றான். ராத்திரி ஒரு மணி வரை எடுத்தேன். அந்தக் கம்பெனியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனா அந்த வாரம் ஜெபக்கூட்டத்துக்கு வந்தான்.

ஸ்டிக்கர் இன்னும் என் கப்போர்டில்தான் இருக்கிறது. எடுக்கவில்லை. பேனாவால் 13க்கு முன்னாடி 11, 12 என்று மட்டும் சேர்த்து எழுதியிருக்கேன்.